தெருவுக்கொரு கூத்தா, ஊருக்கொரு கூத்தா? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் எட்டுப் பேர். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், ஒரு கூத்து வாத்தியார், ஒரு தையல்காரர், ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள், ஒரு நர்ஸ், மாவு மில் வைத்திருப்பவர், அப்புறம் இதை எழுதும் நான். குழுவுக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் பேனர் வைக்க வேண்டும், பேனர் வைத்தால் அதில் யார் படம் பெரிசு என்று சண்டை வரும். சில வருடங்களாக இரண்டு மாவட்டங்களிலும் அந்தந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து கூத்து, பறை, பாட்டு, கதை என்று ஏதாவது ஒன்றைச் செய்துவருகிறோம். ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காதவர்கள், பக்கத்து அறையில் குடியிருந்தும் பேச மொழி இல்லாதவர்கள், இவர்களை ஒரு வேலையில் சேர்த்துவிட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆசை. போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

திருவிழாவில் கலைநிகழ்ச்சி வைக்கிறோமே, அதுதானே இது?

இல்லை. திருவிழாவுக்குக் குழு வெளியூரிலிருந்து வேனில் வரும், ஆடும், விடிவதற்குள் கிளம்பிவிடும். ஊர் உட்கார்ந்து பார்க்கும். அதிலும் எந்தத் தெருக்காரர் வழக்கமாக எங்கே உட்காருவாரோ அங்கேயேதான் உட்காருவார். ஆயிரம் பேர் கூடியிருப்பார்கள், ஆனால் ஒருவரும் புதிதாக ஒருவரிடம் பேசியிருக்கமாட்டார்.

நாங்கள் சொல்வது ஊர்க்காரர்களே செய்வது. வேஷம் கட்டுவதும் மத்தளம் தட்டுவதும் திரை பிடிப்பதும் அவர்கள்தான். ஆட்டம் கொஞ்சம் சுமாராகத்தான் வரும். வரட்டும்.

ஒரு நாடகம் பார்த்தா மனுஷன் மாறிடுவானா?

மாறமாட்டான். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் முதலில் இதைத்தான் ஒத்துக்கொள்வோம். 'சாதி ஒழிக' என்று மேடையில் வசனம் பேசி, கைதட்டு வாங்கி, அப்புறம் அவரவர் வழியில் வீட்டுக்குப் போன நிகழ்ச்சிகளை நாங்களே நடத்தியிருக்கிறோம்.

கார்டன் ஆல்போர்ட் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். 1954இல் அவர் எழுதியதை எங்கள் தமிழாசிரியைதான் எங்களுக்குச் சொன்னார். வேறு வேறு கூட்டத்து மக்கள் சும்மா அருகருகே இருந்தால் வெறுப்பு குறைந்துவிடாது, சில சமயம் கூடக்கூடச் செய்யும். குறைய வேண்டும் என்றால் அந்த இடத்தில் இருவரும் சமமாக இருக்க வேண்டும், இருவருக்கும் ஒரே இலக்கு இருக்க வேண்டும், அதை அடைய ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடியாது என்ற நிலை வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்னது. அமெரிக்காவில் கறுப்பர், வெள்ளையர் பிரிவினையை மனதில் வைத்து எழுதியது என்றாலும், பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூத்து ஒத்திகை நடக்கும் களத்துமேட்டுக்கு அது அப்படியே பொருந்துகிறது.

எப்படி என்றால், கூத்தில் திரை பிடிக்க இரண்டு பேர் வேண்டும். அந்த இருவரும் ஒரே நேரத்தில் இறக்காவிட்டால் துரியோதனன் வருகை கெட்டுப்போகும். மத்தளக்காரர் அடியை மாற்றாமல் ஆடுபவர் கிறிக்கி (வேகமான சுழல் ஆட்டம்) சுற்ற முடியாது. ராஜ வேஷக்காரருக்குப் புயக்கட்டையையும் மார்ப்பதக்கத்தையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்ட இன்னொருவர் கை வேண்டும். தனக்குத் தானே கட்டிக்கொள்ள முடியாது. அந்தக் கை எந்தத் தெருக் கையாக இருந்தாலும் உடம்பில் பட்டே ஆக வேண்டும். முகத்துக்கு அரிதாரம் பூசுவதும் அப்படியே.

அதனால்தான் எங்கள் கணக்கில் நிகழ்ச்சி நடக்கும் அந்த ஒரு இரவு முக்கியமே இல்லை. அதற்கு முந்தைய இருபது, முப்பது ஒத்திகை நாட்கள்தான் விஷயம். ஒத்திகை இல்லாமல் நிகழ்ச்சி மட்டும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நல்ல குழுக்களின் நம்பரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம்.

எங்க ஊர்ல எந்தக் கலையை எடுத்துக்கிறது?

ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதை. வெளியிலிருந்து புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினால், அது உங்களோடு வந்து உங்களோடே போய்விடும்.

நம் பக்கம் இல்லாததா? தர்மபுரி முழுக்கக் கூத்து உண்டு, பம்பை உண்டு. அம்மன் கோயில் இருக்கும் ஊரில் கரகம் எடுக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். கும்மியும் கோலாட்டமும் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் தூங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு பாட்டி ஆரம்பித்தால் நான்கு பேர் எழுந்து வருவார்கள். குறும்பர் இன மக்கள் தங்கள் திருவிழாவில் சேவையாட்டம் ஆடுகிறார்கள் (தலையில் தேங்காய் உடைப்பதைத்தான் பேப்பரில் போட்டோ போடுகிறார்கள், ஆட்டத்தை யாரும் எழுதுவதில்லை). ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் போனால் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவர்கள். அவர்களுக்கு மூன்று மொழியிலும் பாட்டு இருக்கிறது.

கலை என்றால் ஆட்டமும் பாட்டும் மட்டும் இல்லை. அரூர் தாலுகாவில் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே இருக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய துணித் தையல் வேலை கிட்டத்தட்ட மறந்துபோய், சில வயதான பெண்களின் விரல்களில் மட்டும் மிச்சம் இருந்தது. 1993இல் அங்கே பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை தொடங்கிய மருத்துவத் தம்பதியர் எடுத்த முயற்சியிலிருந்து, அந்தப் பாட்டிகளிடம் இளம் பெண்கள் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். இன்று அது ஒரு கைவினைஞர் சங்கம். பெருமை என்று பொருள்படும் லம்பாடிச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் வட்டமாக உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். எங்கள் தையல்காரர் இதை வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நாங்கள்தான் தாமதமாகக் கேட்டோம்.

பாரதக் கூத்து நடக்குதே, ஊரே வருதே. அது போதாதா?

பாரதம் பெரிய விஷயம். காப்புக் கட்டி, கொடியேற்றி, பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து என்று பதினெட்டு நாள் வரை ஓடும். பகாசுரனுக்குச் சோற்று வண்டி தெருத் தெருவாகப் போகும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறி எலுமிச்சம்பழம் எறியும்போது குழந்தை வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். கடைசியில் களிமண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம். அன்று திரௌபதி கூந்தல் முடிகிறாள், அப்புறம் தீமிதி. இதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதைக் குறைத்துச் சொல்ல மனம் வராது.

ஆனால் ஒன்று கேளுங்கள்: தலைக்கட்டு வரி, அதாவது திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் பணம், யாரிடம் வாங்கப்படுகிறது? வரி கொடுப்பவர்தான் ஊரில் சேர்ந்தவர். 'உங்ககிட்ட வரி வேணாம்' என்று ஒரு தெருவை விட்டுவிட்டால், கேட்க நல்ல மனசு போல இருக்கும். உண்மையில் அது 'உனக்கு இங்கே பங்கு இல்லை' என்று சொல்வது. பரிவட்டம் யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு, தீமிதியில் யார் இறங்கலாம் எல்லாம் இந்த வரியிலிருந்து கிளம்புவதுதான். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் யார் கோயிலுக்குள் போகலாம் என்ற தகராறில், 2023 ஜூனில் திரௌபதி அம்மன் கோயிலையே அதிகாரிகள் பூட்டி சீல் வைத்தார்கள். அதே திரௌபதி, அதே பாரதம்தான்.

ஆக, கோயில் கூத்துக்குப் போட்டியாக எதையும் நாங்கள் வைப்பதில்லை. அதில் கையும் வைப்பதில்லை. கோயிலுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், கோயில் சீசன் முடிந்தபிறகு, வேறு ஒன்றைத் தொடங்குகிறோம். ஏரிக்கரை, பள்ளி மைதானம், பால் சொசைட்டி வாசல், எது யாருக்கும் தனியாகச் சொந்தமில்லையோ அது.

கூத்துல எந்தப் பாத்திரம் ரொம்ப உதவும்?

கூத்தின் கோமாளியான கட்டியங்காரன், சந்தேகமே இல்லை. ராஜா வேஷம் கட்டியவர் கதையை விட்டு வெளியே வர முடியாது. கட்டியங்காரன் எங்கே வேண்டுமானாலும் போவான். துரியோதனன் சபையில் நின்றுகொண்டே, 'நம்ம ஊரு தண்ணி டேங்க்கு எந்தத் தெருவுல நிக்குது பார்த்தீங்களா மகாராஜா?' என்பான். வேறு யாரும் கேட்டால் கைகலப்பு ஆகியிருக்கும். அவன் கேட்டால் சிரிப்பு வரும், சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய் யோசிப்பார்கள். எங்கள் கூத்து வாத்தியார் முதல் பாடமாகச் சொல்வது, கட்டியங்காரன் முதலில் தன்னையும் தன் தெருவையும் கிண்டல் பண்ண வேண்டும், அப்புறம்தான் அடுத்தவனை. அந்த வரிசை தவறினால் ஆட்டம் குளோஸ்.

கதைக்கு எங்கே போறது?

ஊருக்குள்ளேயே. இந்த இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் நிறைய. மாட்டு மந்தையை மீட்கப் போய் உயிரை விட்டவர்களுக்கு நட்ட கற்கள் பல. பழைய கல்வெட்டுகளில் மந்தைக்குத் 'தொறு' என்று பெயர். தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள், ஒருமுறை போய்ப் பாருங்கள். ஊர்களில் அதே கற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம்.

ஒரு ஊரில் வேடியப்பன் யார் என்று வீடு வீடாகக் கேட்டுவர ஏழெட்டுப் பிள்ளைகளை அனுப்பினோம். மேல்தெருக்காரர்கள் மாடு மீட்கப் போய்ச் செத்த வீரன் என்றார்கள். நடுத்தெருவில் புலியோடு சண்டை போட்ட வேட்டைக்காரன் என்றார்கள். காலனியில் ஒரு பெரியம்மா, 'அவங்கூட எங்க முப்பாட்டன் ஒருத்தரும்தான் போனாரு, அவரும்தான் செத்தாரு, அவருக்குத்தான் யாரும் கல்லு வைக்கல' என்று சொன்னார். பிள்ளைகள் மூன்று கதையையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

எது நிஜம் என்று பேச உட்கார்ந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். நாங்கள் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நடித்தோம். ஒரு சின்னப் பெண் கல்லாக நின்றாள், கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது கதை நடந்தபோது மேல்தெருப் பெரியவர் ஒருவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் ஒத்திகை இடத்துக்கு அவரே வந்து, 'அந்த ரெண்டாவது ஆளுக்குப் பேரு என்னவாம்?' என்று கேட்டார். அந்தப் பெரியம்மாவுக்கும் பெயர் தெரியாது. இருவரும் அரை மணி நேரம் பழைய பெயர்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அந்த வருடத்தில் அதைவிடப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

பறை கத்துக்கொடுக்கலாமா? வீட்ல ஒத்துக்கமாட்டாங்களே.

கற்றுக்கொடுக்கலாம், கற்றுக்கொள்ளவும் செய்கிறார்கள். சென்னையிலும் கல்லூரிகளிலும் இன்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பறை அடிக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் உறுத்தலும் உண்டு. பரம்பரையாகச் சாவு வீட்டில் அடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட குடும்பத்துப் பையன், 'எங்கப்பா விட்ட வேலையை நான் ஏன் தொடணும்?' என்று கேட்கிறான். அது நியாயமான கேள்வி. அவனைப் பிடித்து 'இது உன் கலைடா' என்று நெஞ்சை நிமிர்த்தச் சொல்வது அநியாயம். அவன் வேண்டாம் என்றால் வேண்டாம்.

கற்றுத்தர ஒத்துக்கொள்ளும் பெரியவர் இருந்தால் அவருக்குச் சம்பளம் கொடுங்கள், இலவசமாகக் கேட்காதீர்கள். ஒத்திகையில் எல்லாரும் அவரை வாத்தியார் என்று கூப்பிட வேண்டும். அவரைவிட வயதில் சிறியவன் 'வாப்பா, போப்பா' என்று பேசுவது நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. முதல் நாளே அதை நிறுத்தாவிட்டால் அந்த வகுப்பே வீண். தோலைத் தீயில் காய்ச்சுவது, அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் பிடிப்பது எல்லாம் அவர் சொல்லும் வரிசையில்தான். தோலைத் தொடமாட்டேன், பிளாஸ்டிக் பறை வாங்கித்தாருங்கள் என்று ஒரு பையன் கேட்டான். வாத்தியார் சிரித்துவிட்டு, 'தொடும்போது கத்துக்கலாம் தம்பி, அவசரமில்ல' என்றார். ஆறு வாரம் அவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான். ஏழாவது வாரம் எடுத்தான்.

சாதிச் சண்டையையே நேரடியா நாடகமாப் போட்டா என்ன?

போடலாம், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். தர்மபுரி மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று ஒரு காதல் திருமணத்தைக் காரணமாக்கி, தலித் மக்கள் வாழும் நத்தம் காலனியும் பக்கத்துக் குடியிருப்புகளும் கொளுத்தப்பட்டன. அதை அனுபவித்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் கதையை அவர்களைக் கேட்காமல் எடுத்து, வேஷம் போட்டு, கைதட்டு வாங்கும் உரிமை நமக்குக் கிடையாது.

இதே மாவட்டத்தில் கடினமான விஷயத்தைக் கலை தொட்டதற்கும் உதாரணம் உண்டு. 1990களின் இறுதியில் பெண் சிசுக்கொலைக்கு எதிராக ஊர் ஊராகக் கலைப்பயணம் போனது. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை (ஆனது 2004இல்). வீதி நாடகக் குழுக்கள் ஊர் நடுவில் வட்டம் போட்டு ஆடின. சட்டம், போலீஸ் என்று மிரட்டியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பார்கள். வரதட்சணை, மாமியார் பேச்சு, நிலம் யாருக்குப் போகும் என்று வீட்டுக்குள் நடப்பதையே நடித்துக் காட்டியபோது பெண்கள் நின்று கேட்டார்கள்.

நாங்கள் இப்போது அதிகம் செய்வது வேறு ஒரு முறை. பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் வளர்த்தெடுத்தது. ஒரு சின்னக் காட்சி. அதில் ஒருவருக்கு அநியாயம் நடக்கும், காட்சி தோல்வியில் முடியும். அப்புறம் முதலிலிருந்து மறுபடி நடிப்போம். பார்ப்பவர் யாராவது 'நிறுத்து' என்று சொல்லி, பாதிக்கப்பட்டவர் இடத்தில் தானே நின்று வேறு மாதிரி செய்துபார்க்கலாம். பதில் நாம் சொல்வதில்லை. ஊர் தேடும். எங்கள் காட்சிகள் சின்னவை: பஸ்ஸில் சீட், ரேஷன் கடை வரிசை, முடிவெட்டும் கடை, வாடகைக்கு வீடு கேட்கும்போது 'நீங்க என்ன ஆளுங்க?' என்ற கேள்வி. கொலையைவிட இந்தச் சின்ன விஷயங்களில்தான் எல்லாரும் தங்களைப் பார்க்கிறார்கள்.

ஓசூர்ல வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைய. மொழியே தெரியாம எப்படிச் சேர்க்கிறது?

மொழி இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை நேரம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வருபவரைக் கூத்துக்குக் கூப்பிட்டால் தூங்கிவிழுவார். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, சமைத்து, ஊருக்குப் போன் பேசியபிறகு கிடைக்கும் மாலை இரண்டு மணி நேரம்தான் உங்களுக்கு.

எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு, நாங்களும் செய்தோம். ஒடிசாக்காரர்களைக் கூப்பிட்டு 'உங்க டான்ஸ் ஆடிக்காட்டுங்க' என்றோம். அவர்களில் ஒருவர் வெல்டர், ஒருவர் பேக்கிங் செக்‌ஷன். டான்ஸ் தெரியாது. 'நீ கூத்து ஆடுவியா?' என்று அவர்கள் திருப்பிக் கேட்டபோது எங்கள் பையன்கள் முழித்தார்கள்.

வேலை செய்தது தாலாட்டு. தூங்கவைக்க உன் அம்மா என்ன பாடினார் என்று கேட்டால் மீசை வைத்தவனும் கொஞ்சம் இளகுவான். ஒருவர் பாட, மற்றவர் கேட்டு, 'இது எங்க ஊர் மெட்டு மாதிரியே இருக்கே' என்று எங்கேயாவது ஒட்டிக்கொள்ளும். ஒடியா, இந்தி, தெலுங்கு, கன்னடம், உருது, தமிழ் ஆறும் ஒரே மாலையில் கேட்டோம். தாளத்துக்குப் பெயிண்ட் டப்பா. அடுத்த கட்டத்தில் கட்டியங்காரன் வேஷத்தை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தோம்: ஒருவன் தமிழில் சொல்வான், இன்னொருவன் இந்தியில் தப்புத் தப்பாக மொழிபெயர்ப்பான். ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் சிரித்தார்கள்.

கான்ட்ராக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள். சங்கம் ஆரம்பிக்கிறீர்களோ என்று பயப்படுவார்.

பெண்கள் வருவாங்களா?

இருட்டுவதற்குள் முடித்தால் வருவார்கள். கழிப்பறை இருக்கும் இடமாக இருந்தால் வருவார்கள். கைக்குழந்தையோடு உட்கார விட்டால் வருவார்கள். இந்த மூன்றையும் செய்யாமல் 'பெண்களுக்கு ஆர்வமில்லை' என்று சொல்லாதீர்கள். நூறு நாள் வேலைக்கு எல்லாத் தெருப் பெண்களும் ஒன்றாகத்தான் மண் வெட்டுகிறார்கள். அந்த இடத்திலேயே சாப்பாட்டு நேரத்தில் கும்மிப் பாட்டு தொடங்கியது ஓர் ஊரில். நாங்கள் போய்க் கேட்டதோடு சரி.

சாப்பாடு போடலாமா?

எங்கள் பெரிய சறுக்கல் இதில்தான். முதல் நிகழ்ச்சியில் ஒரு தெருப் பெண்கள் சமைத்துப் பந்தி வைத்தோம். பாதிப் பேர் 'வீட்ல சாப்பிட்டுத்தான் வந்தோம்' என்று நைசாக நழுவினார்கள். சமைத்த பெண்கள் மிச்சச் சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. நல்லெண்ணத்தில் செய்து அவர்களை நடுக்கூட்டத்தில் அவமானப்படுத்திவிட்டோம்.

அப்புறம் புத்தி வந்தது. இப்போது ஒத்திகை இடத்திலேயே கல்கூட்டி வேர்க்கடலை அவிக்கிறோம். யார் தோட்டத்துக் கடலை, யார் தண்ணீர், யார் அடுப்பு என்று பிரித்துப் பார்க்க வழி இருக்காது. தோலை உரித்துத் தின்பதில் யாருக்கும் தயக்கம் வருவதில்லை. சீசனில் மாங்காய், உப்பு, மிளகாய்த்தூள். சில வாரம் போனபின் அவர்களாகவே 'களி கிண்டலாமா?' என்று கேட்பார்கள். கேட்கும்வரை காத்திருங்கள். களி கிண்ட இரண்டு ஆள் பலம் வேண்டும், ஒருவர் சட்டியைப் பிடிக்க, ஒருவர் துடுப்புப் போட. அதுவும் ஒரு கூத்துதான்.

அனுமதி வாங்கணுமா?

வாங்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் சொல்லுங்கள், காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்வு கொடுக்கலாம், ஆனால் அது பெரிய திருவிழாக்களுக்கே போய்விடும். நாங்கள் ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிடுகிறோம். விடிய விடிய ஆடினால்தான் கூத்து என்று வாத்தியாருக்கு வருத்தம் உண்டு.

செலவுக்கு?

கலைஞர் சம்பளம்தான் முதல் செலவு. பந்தல், லைட்டு எல்லாம் அதற்குப் பிறகு. கட்சி, சாதிச் சங்கம், ரியல் எஸ்டேட்காரர் கொடுக்கும் பணம் வேண்டாம். வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லா வீட்டிலும் ஒரே தொகை வாங்குங்கள், பத்து ரூபாய் ஆனாலும் சரி. மேலே வரியைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்: ஒரு வீட்டையும் விடாதீர்கள்.

உங்கள் ஊர்க் கலைஞர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் படிவம் நிரப்பிக் கொடுங்கள். மாவட்டக் கலை மன்றம் வயதுவாரியாகக் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை விருது கொடுக்கிறது. எழுபது வயது பம்பைக்காரருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கும்.

பள்ளிக்கூடத்துல செய்யலாமா?

செய்யலாம். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத்திருவிழா நடக்கிறது, பிள்ளைகள் நன்றாகச் செய்கிறார்கள். அது போட்டி. போட்டி முடிந்தபின், பரிசு இல்லாத ஒன்றை அதே பிள்ளைகளோடு செய்துபாருங்கள். பரிசு வாங்காத பிள்ளைகள் முன்னால் வருவார்கள்.

ரீல்ஸ் போடலாமா?

ஒத்திகையை எடுக்காதீர்கள். மேல்தெருப் பெண் காலனிப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரிக்கும் பத்து நொடி வீடியோ எங்கே போய் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பலன் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?

கூட்டத்தை எண்ணாதீர்கள். நான் பார்ப்பது வேறு. ஒத்திகை முடிந்தபின் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள்? யார் வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடிக்கிறார்கள்? ஒருவர் வராவிட்டால் 'ஏன் வரல' என்று யார் போன் போடுகிறார்? ஒரு வீட்டில் சாவு என்றால் குழுவிலிருந்து அடுத்த தெருக்காரர் போய் நின்றாரா, நின்றால் எவ்வளவு தூரம் தள்ளி நின்றார்?

நாங்கள் போனதில் பாதி ஊர்களில் எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூத்து முடிந்தது, கிரீடத்தைப் பெட்டியில் வைத்தோம், எல்லாம் பழையபடி. ஓரிடத்தில் பழையதைவிட மோசமாகவும் ஆனது: தருமன் வேஷம் யாருக்கு என்று தொடங்கியது இரண்டு குடும்பங்களைப் பேசாமல் ஆக்கிவிட்டது. அதற்கப்புறம் எந்த ஊரிலும் தருமன் வேஷத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம்.

எங்க ஊருக்கு வருவீங்களா?

வருவோம். கூப்பிடும் முன் நீங்கள் போகாத தெருவுக்கு ஒருமுறை போய், அங்கே யாருக்கு என்ன வாசிக்கத் தெரியும், பாடத் தெரியும் என்று கேட்டுவாருங்கள். அந்தத் தெருவிலிருந்து ஒருவராவது உங்களோடு சேர்ந்து எங்களுக்குப் போன் பண்ண வேண்டும், ஸ்பீக்கரில் போட்டாலும் போதும். சித்திரையிலிருந்து ஆடி வரை கேட்காதீர்கள், வாத்தியாருக்குப் படுகளம் இருக்கும். மாங்காய் சீசன் வேறு, ஆளும் கிடைக்காது. புரட்டாசியில் மழை இல்லாவிட்டால் வருகிறோம். மத்தளம் எங்களிடம் இருக்கிறது. கடலை நீங்கள் கொண்டுவர வேண்டும்.